வழியனுப்பத் தெரியாத ரசிகர்கள்

முதலில் ஒரு சின்ன வினாடி வினா. தர்மராஜ் சேரலாதன் புரோ கபடியில் ஆட்டக்காரராகக் கடைசி சீசன் ஆடியது எந்த ஊரில்? எந்த அணிக்கு? எத்தனை பேர் நேரில் உட்கார்ந்து பார்த்தார்கள்?

பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் நின்று இதைக் கேட்டால் "யாருங்க அது?" என்ற பதில் கேள்விதான் வரும். சுற்றிலும் கபடி ஆடாத கிராமமே இல்லாத ஊர் இது. பொங்கல் வந்தால் போதும், தெருவுக்குத் தெரு மண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளித்து, கோடு போட்டு, விடிய விடிய ஆடுகிற ஊர்.

பதில் இதுதான். 2021-22 சீசன். ஊர் பெங்களூரு. அணி ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ். கொரோனா காலம் என்பதால் ஒரு நட்சத்திர ஹோட்டலுக்குள்ளேயே மேட் விரித்து மொத்த சீசனையும் நடத்தி முடித்தார்கள். பார்வையாளர் அனுமதி கிடையாது. ஆக, மூன்றாவது கேள்விக்கு விடை பூஜ்யம்.

தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். அப்போது அவருக்கு 46 வயது. 41 வயதில் இந்திய அணியில் இருந்து 2016 உலகக் கோப்பை வென்றவர் (அகமதாபாத்தில் அக்டோபர் 22 அன்று இறுதி ஆட்டம், ஈரானை 38-29 என்று ஜெயித்தார்கள்). அதே வருஷம் பாட்னா பைரேட்ஸ் அணிக்குக் கேப்டனாக இருந்து புரோ கபடி கோப்பையையும் தூக்கியவர். 44 வயதில் ஹரியானா ஸ்டீலர்ஸ் கேப்டன். இந்தி பேசுகிற பையன்கள்கூட அவரை "அண்ணா" என்றுதான் கூப்பிட்டார்கள். தமிழ் தலைவாஸ் என்று ஓர் அணி 2017ல் வந்தது. அந்த அணிக்காக அவர் ஒரு ரைடைக்கூட மடக்கியது கிடையாது. புனே, மும்பை, ஹரியானா, ஜெய்ப்பூர் என்று சுற்றியவர், 2024 சீசனில் பயிற்சியாளராகத்தான் தலைவாஸுக்கு வந்து சேர்ந்தார்.

கொரோனாவுக்கு ரசிகர்கள் பொறுப்பில்லை, சரி. ஏலத்தில் யார் யாரை எடுத்தார்கள் என்பதற்கும் பொறுப்பில்லை. ஆனால் கொரோனா போன பிறகு? சென்னையில் ஒரே ஒரு காட்சி ஆட்டம் வையுங்கள், அண்ணன் சொந்த மாநிலத்தில் ஒரு தடவை மேட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வெளியே வரட்டும் என்று பேனர் பிடித்த ரசிகர் ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம்!

தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு வழியனுப்பவே வராது என்று சொன்னால் அடிக்க வருவார்கள். "2023 சேப்பாக்கத்தைப் பார்த்தியா?" என்பார்கள். பார்க்காமல் என்ன. 2023 மே 14, கொல்கத்தாவுடன் ஆட்டம். சென்னை தோற்றுவிட்டது. ஆனாலும் ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. இடது முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு தோனி மைதானத்தைச் சுற்றி வந்தார், ராக்கெட்டால் பந்துகளைக் கூட்டத்துக்குள் அடித்தார். சுனில் கவாஸ்கரே ஓடிவந்து தன் சட்டையில் கையெழுத்து வாங்கினார். மறக்க முடியாத ராத்திரிதான். யாரும் மறுக்கவில்லை.

ஆனால் அது எதற்கான வழியனுப்பு? தோனி போகவே இல்லையே! 2020 நவம்பரில் அபுதாபியில் கேட்டபோது "டெஃபனட்லி நாட்" என்றார். 2023ல் கோப்பை வாங்கியபோது இன்னொரு சீசன் ஆடுவதுதான் ரசிகர்களுக்கான பரிசு என்றார். 2024லும் ஆடினார், 2025லும் ஆடினார். ஒவ்வொரு வருஷமும் "இதுதான் தலயோட கடைசி மேட்ச்" என்று சொல்லி டிக்கெட்டுக்கு அலைந்து, அழுது, ஸ்டேட்டஸ் போட்டு, அடுத்த வருஷம் திரும்பவும் மஞ்சள் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். கடலூர் மாவட்டத்தில் ஒரு ரசிகர் 2020லேயே தன் வீடு முழுக்க மஞ்சள் அடித்து தோனி படம் வரைந்தார். தோனியை இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆட முடிகிறது, ஆடுகிறார்.

இந்தப் பாசத்துக்கு அடிபட்டவர்கள் வேறு. அதே 2023ல் ஜடேஜா சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: தான் மேலே இறங்கினால், தான் எப்போது அவுட் ஆவேன் என்று கூட்டம் காத்திருக்கிறது என்று. சொந்த அணிக்காரன் அவுட் ஆனதும் கைதட்டுகிற கூட்டம்! தோனி கிரீஸுக்கு நடந்து வருவதைப் பார்க்க வேண்டும், அதை போனில் பிடிக்க வேண்டும். ஆட்டம் எக்கேடு கெட்டால் என்ன?

சரி, அசல் சென்னைக்காரருக்கு என்ன செய்தார்கள்? 2024 டிசம்பர் 18, பிரிஸ்பேன். 106 டெஸ்ட், 537 விக்கெட் எடுத்த அஸ்வின் தொடரின் நடுவிலேயே ஓய்வை அறிவித்துவிட்டு, மறுநாளே சென்னைக்கு விமானத்தில் வந்து இறங்கினார். வீட்டு வாசலில் மேளம், மாலை, கொஞ்சம் கூட்டம். சேப்பாக்கத்தில் ஒரு கடைசி டெஸ்ட் இல்லை. தேதி சொல்லிவிட்டுப் போகவில்லையே என்பது ஒரு சாக்கு. அவர் ஆடிய காலம் முழுக்கக் கேட்ட சத்தம், அவர் போனபோது கேட்கவில்லை என்பதுதான் விஷயம்.

இங்கே ஒரு சந்தேகம் வருகிறது. இந்த வழியனுப்பு எல்லாம் ஆட்டக்காரருக்கா, ரசிகருக்கா? "அன்னைக்கு நான் அங்க இருந்தேன்" என்று சொல்லிக்கொள்ளத்தானா? மைதானம் நிரம்ப வேண்டும், கேமரா இருக்க வேண்டும், ஆட்டக்காரர் ஏற்கெனவே பெரிய ஆளாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால்தான் கண்ணீர் வரும் என்றால் அது என்ன மரியாதை?

நெய்வேலிப் பக்கத்து ஜனங்களுக்குக் கூட்டம் கூடுவதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2020 பிப்ரவரியில் நடிகர் விஜய் இங்கே சுரங்கத்தில் படப்பிடிப்பில் இருந்தார். வருமான வரித்துறை விசாரணைக்கு அழைத்துப்போய்த் திரும்பி வந்திருந்தார். வாசலில் திரண்ட கூட்டத்தை அவர் வேன் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுத்த படம் நாடு முழுக்க ஓடியது. அந்தக் கூட்டத்தில் எத்தனையோ கபடிக்காரப் பையன்களும் நின்றிருப்பார்கள். "கில்லி"யில் அவர் கபடி வீரர்தானே! 2004ல் வந்த படம், 2024 ஏப்ரலில் மறுபடி தியேட்டருக்கு வந்தபோது முதல் நாள் மாதிரியே விசில் பறந்தது. தமிழ்நாட்டில் ஒரு கபடி ஆட்டக்காரருக்கு விழுந்த பெரிய கைதட்டல் எது என்று பார்த்தால், கபடி வீரராக நடித்தவருக்கு விழுந்ததாகத்தான் இருக்கும்.

மணத்தி கணேசனுக்கும் கடைசியில் சினிமாதான் வர வேண்டியிருந்தது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர், 1995க்கான அர்ஜுனா விருதுக்காரர். 2025ல் மாரி செல்வராஜ் "பைசன்" எடுத்த பிறகுதான் "ஓ, இவர் நிஜமாவே இருக்காரா!" என்று இளவட்டங்கள் தேடிப்போய் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தங்கத்துக்கும் படத்துக்கும் நடுவில் 31 வருஷம். எல்லா ஆட்டக்காரருக்கும் ஒரு மாரி செல்வராஜ் கிடைப்பாரா?

இதெல்லாம் அர்ஜுனா வாங்கியவர்கள், உலகக் கோப்பை வென்றவர்கள் கதை. கீழே இறங்கினால்தான் வலிக்கும்.

பண்ருட்டி, நெய்வேலி, வடலூர் வட்டாரத்தில் ஒரு கிராமத்துக் கபடிப் போட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கற்பனைகூட வேண்டாம், பார்த்திருப்பீர்கள். குழல் விளக்கு, இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டை வேலி, மைக் பிடித்த அண்ணன். அவர் ரைடுக்கு ரைடு ஸ்கோர் சொல்கிறாரோ இல்லையோ, முதல் பரிசு தந்தவர், சுழற்கோப்பை தந்தவர், டீ செலவு ஏற்றவர் பேரை எல்லாம் முப்பது தடவை வாசிப்பார். ஃப்ளெக்ஸில் தலைவர்கள் படம், நடிகர் படம், நன்கொடையாளர் படம் எல்லாம் இருக்கும். தேடிப் பாருங்கள், ஆட்டக்காரர் படம் இருக்காது.

அந்த மண்ணில் ரைட் கார்னரில் பத்துப் பன்னிரண்டு வருஷம் நின்ற ஒருவர் எப்படி ஓய்வு பெறுகிறார்? பெறுவதே இல்லை. ஒரு நாள் ஆங்கிள் ஹோல்டு போடும்போது முட்டி திரும்பிவிடும். எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்டு அடுத்த போட்டிக்கு வருவார். அதற்கடுத்ததற்கு வந்து வெளியே உட்காருவார். அப்புறம் பலா மண்டியிலோ முந்திரிக் கம்பெனியிலோ, சுரங்கத்தில் ஒப்பந்த வேலையிலோ இருப்பார். காலைத் தாங்கித் தாங்கி நடப்பார். அணிக்குப் புதுப் பையன் வந்திருப்பான். கடைசி ஆட்டம் எது என்று அவருக்கே தெரியாது.

தோனிக்கும் முட்டிதான். 2023 மே 30 அதிகாலையில் கோப்பை வாங்கினார், ஜூன் 1 அன்று மும்பையில் அறுவை சிகிச்சை முடிந்தது. அதற்கடுத்த வருஷம் மறுபடி ஆடினார். அதே மாதிரி லிகமெண்ட் கிழிந்த கிராமத்துக் கார்னர்காரர் "அறுவடை முடியட்டும், பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டே காலத்தைத் தள்ளுகிறார். முட்டி இரண்டு பேருக்கும் ஒன்றேதான், வைத்தியத்துக்குப் போகிற வழிதான் வேறு.

முட்டி போனால் பரவாயில்லை என்று சொல்லவைக்கிற சம்பவமும் இதே வட்டாரத்தில் நடந்தது. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ஒரு கிராமத்துப் போட்டியில், ரைடு போன கல்லூரி மாணவர் ஒருவர் எதிரணிக்காரரின் முட்டி நெஞ்சில் பட்டு, களத்திலேயே விழுந்து இறந்துபோனார். வென்ற கோப்பையையும் அவரோடு சேர்த்துப் புதைத்தார்கள். அந்த வீடியோ எத்தனை லட்சம் போன்களுக்குப் போனது! "கண்ணீர் அஞ்சலி" போஸ்டர்கள் எத்தனை! அதற்கடுத்த பொங்கலுக்கு நடந்த போட்டிகளில் எத்தனை இடத்தில் ஆம்புலன்ஸ் நின்றது என்று அந்தப் போஸ்டர் ஒட்டியவர்களைக் கேளுங்கள். எத்தனை இடத்தில் ஆட்டக்காரர்களுக்குக் காப்பீடு போட்டார்கள் என்றும் கேளுங்கள்.

காப்பீடு என்றதும் லட்சக்கணக்கில் செலவு என்று நினைக்க வேண்டாம். பேங்கில் கணக்கு இருந்து 18 வயது முடிந்திருந்தால், மத்திய அரசின் சுரக்ஷா பீமா திட்டத்துக்கு வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 2 லட்சம். ஓர் அணிக்கு 12 பேர் என்றால் 240 ரூபாய்! (முட்டி ஆபரேஷனுக்கு இது உதவாது, அது வேறு கணக்கு.) ஓட்டலில் ஒரு டேபிளுக்கு ஆகிற பில் அது. நன்கொடை வசூலித்து ஃப்ளெக்ஸ் வைக்கத் தெரிந்த கமிட்டிக்கு இதைச் செய்ய ஒரு மத்தியானம் போதும்.

கபடிக்கு வெளிநாட்டில் ஒரு தாயாதி இருக்கிறது, ரக்பி லீக். பந்து ஒன்று கூடுதலாக இருக்கும், ஆள் 13. மற்றபடி அதுவும் ஓடிவருகிறவனை உடம்பால் மோதிக் கீழே தள்ளுகிற ஆட்டம்தான். முட்டியும் தோளும் தலையும் போகிற ஆட்டம். வடக்கு இங்கிலாந்தில் சுரங்கத் தொழிலாளியும் மில் தொழிலாளியும் வளர்த்தது. (நெய்வேலிக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகவே புரியும்.) அங்கே ஒரு பழக்கம் உண்டு. ஒரே கிளப்புக்குப் பத்து வருஷம் உழைத்த ஆட்டக்காரருக்கு ஒரு நன்றி ஆட்டம் வைப்பார்கள். அன்றைக்கு வசூலாகிற காசு அவருக்கு. ரசிகர் கைதட்டலாம், அழலாம், பாட்டுப் பாடலாம். ஆனால் முதலில் டிக்கெட் வாங்க வேண்டும். பாசத்துக்கு ஒரு விலை வைத்து, அதை ஆட்டக்காரர் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள்.

லீட்ஸ் ரைனோஸ் அணியில் ராப் பர்ரோ என்று ஒருவர் இருந்தார். குள்ளமானவர், கில்லாடி. 2017ல் ஓய்வு பெற்றார். 2019 டிசம்பரில் அவருக்கு நரம்பு நோய் என்று தெரிந்தது, உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழந்து போகிற நோய். மறுமாதமே, 2020 ஜனவரி 12, ஹெடிங்லி மைதானம் நிரம்பி வழிந்தது. இன்னொரு வீரருக்கான நன்றி ஆட்டத்தையே இவருக்குமாகச் சேர்த்து நடத்தினார்கள். கடைசி சில நிமிஷம் பர்ரோவும் களத்துக்குள் வந்து ஆடினார். அந்த டிசம்பரில் அவருடைய பழைய கேப்டன் கெவின் சின்ஃபீல்டு ஏழு நாளில் ஏழு மாரத்தான் ஓடினார். இலக்கு 77,777 பவுண்ட். சேர்ந்தது 20 லட்சம் பவுண்டுக்கும் மேல். பர்ரோ 2024 ஜூனில் இறந்துபோனார். அவர் உயிரோடு இருந்தபோதே அவர் கண்ணெதிரே இவ்வளவும் நடந்தது.

வெள்ளைக்காரன் ஊர் வழக்கம், நமக்கு எதற்கு என்று சொல்பவர்கள் ஷார்ஜாவை நினைத்துப் பார்க்கலாம். 1998ல் சச்சின் புழுதிப்புயலில் அடித்த அடியை டிவி முன்னால் உட்கார்ந்து ரசித்தவர்கள் பலருக்கு, அந்தத் தொடர்களை நடத்திய அமைப்பின் பெயரே "கிரிக்கெட் வீரர்கள் நல நிதித் தொடர்" என்பது தெரியாது. 1981ல் ஆரம்பித்ததே இந்தியா, பாகிஸ்தானின் பழைய ஆட்டக்காரர்களுக்குப் பணமுடிப்புக் கொடுக்கத்தான். கிரிக்கெட் வாரியம் 2022ல் பழைய வீரர்களின் ஓய்வூதியத்தை உயர்த்தியபோது, மிகக் கீழ்த் தட்டில் இருந்தவர்களுக்கே மாதம் 15,000 என்பது 30,000 ஆனது. பணக்கார ஆட்டம், கொடுக்கிறார்கள். பணமில்லாத ஆட்டத்தில் அந்த இடத்தை யார் நிரப்புவது? ரசிகர்தான். வேறு யார் இருக்கிறார்கள்?

"அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா?" என்பார்கள் சிலர். அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது, நல்லது. ஆனால் அதற்குச் சான்றிதழ் வேண்டும். மாநில அணி, தேசியப் போட்டி என்று அங்கீகரிக்கப்பட்ட ஆட்டங்களின் சான்றிதழ். பொங்கல் கபடியில் ஜெயித்த அண்டாவையும் ஆளுயரக் கோப்பையையும் தூக்கிக்கொண்டு போனால் எந்த அலுவலகத்தில் வேலை தருவார்கள்? நலிந்த நிலையில் உள்ள முன்னாள் வீரர்களுக்கு ஓய்வூதியம் என்றும் ஒரு திட்டம் உண்டு. பேரைப் பாருங்கள். முதலில் நலிந்துபோக வேண்டும், பிறகு அதை நிரூபிக்க வேண்டும்.

இன்னொரு கட்சியும் இருக்கிறது. "பரிசுப் பணம் தருகிறோமே, அது போதாதா?" முதல் பரிசுத் தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்து, நுழைவுக் கட்டணம், வேன் வாடகை, சாப்பாடு, ஜெர்ஸி எல்லாம் கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது என்ன என்பது ஆடினவர்களுக்குத் தெரியும். தவிர அது ஜெயித்ததற்கான கூலி. பத்து வருஷம் நின்றதற்கு யார் என்ன கொடுத்தார்கள்?

செய்ய வேண்டியது மலையைப் புரட்டுகிற காரியம் இல்லை. வருகிற பொங்கல் போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு முன்னால் ஒரு அரைமணி நேரம் ஒதுக்கலாம். அந்த வட்டாரத்தில் ஆடி முடித்த ஒருவரின் பேரில், பழைய ஆட்கள் ஒரு பக்கம், இப்போதைய பையன்கள் ஒரு பக்கம் நின்று ஒரு காட்சி ஆட்டம். சுற்றி ஓர் உண்டியல் போகட்டும். சேர்ந்ததை எண்ணி மைக்கில் சொல்லி அவர் மனைவி கையில் கொடுக்கட்டும் (அவர் கையில் கொடுத்தால் "எனக்கெதுக்குப்பா, டீமுக்கு ஷூ வாங்கிக்கங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்). நன்கொடையாளர்களில் ஒருவர் சுழற்கோப்பைக்குப் பதிலாக ஒரு முட்டி ஆபரேஷன் செலவை ஏற்றுக்கொண்டால், அவர் பேரை மைக்கில் அறுபது தடவை வாசிக்கட்டுமே, யார் வேண்டாம் என்றது?

யார் ஓய்வு பெறுகிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, அவர்கள்தான் அறிவிப்பதே இல்லையே என்று கேட்கலாம். கேட்டால் தெரியும். அடுத்த போட்டியில், இரண்டு முட்டியிலும் பட்டை கட்டிக்கொண்டு, ரைடுக்கு ரைடு நடுவில் குனிந்து தொடையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிற ஒருவர் கார்னரில் நிற்பார். ஆட்டம் முடிந்ததும் வேலி ஓரமாக உட்கார்ந்து பட்டையை அவிழ்ப்பார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அண்ணே, அடுத்த வருஷம் ஆடுவீங்களா?" என்று கேளுங்கள்.